யான் பெற்ற நூற்றுக்கு நூறு

கல்வியின் பயன் யாது என்னும் வினா எழுந்தபோதெல்லாம் கற்பிப்போரும், பாடம் வகுப்போரும், பொருளுதவுவோரும் முன்வந்து விடை பகர்ந்துள்ளனர். கற்றவனை அருகழைத்து, ‘அப்பா, நீ கற்றது உனக்கு உதவிற்றோ?’ என்று வினவுவார் மிகச் சிலரே. வினவுகின்ற சிலரும் பெரும்பாலும் வினவத் தகாத வேளையில் வினவுகின்றனர். உணவு இலையில் இருக்கும்போதே ‘செரித்ததோ?’ என்று கேட்பாரைப் போல, பாடம் முடிந்த கணத்திலேயே ‘பயன்பட்டதோ?’ என்று கேட்கின்றனர். இந்நாளில் தொழிலகங்கள்தோறும் பெருகிவரும் இணையவழிப் பயிற்சியைப் பற்றி, அதனைக் கற்றவருள் ஒருவனாய் நின்று சில கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். யான் கல்வியாராய்ச்சியில் வல்லவன் அல்லேன்; தமிழ் இலக்கியம் பயிலும் மாணவன். ஆயினும், ஒரு கோடை விடுமுறையில் யான் பெற்ற மதிப்பெண்ணும், அம்மதிப்பெண்ணால் யான் அடைந்த நாணமும் இப்பொருள் குறித்து எழுதுமாறு என்னைத் தூண்டுகின்றன.

2025ஆம் ஆண்டு மே மாதத்தில், அடுத்த ஆண்டிற்குரிய கட்டணத்திற் சிறிதளவேனும் யானே ஈட்ட வேண்டும் என்னும் எண்ணத்தோடு, சென்னைக்கு வடக்கே மாதவரத்தை அடுத்து வாழும் என் சிற்றப்பாவின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அப்பக்கத்தில், பலவகைப் பண்டங்களைச் சேமித்து வைத்து, வேண்டுவோர் வீடுகளுக்கு அனுப்பும் பெருங்கிடங்குகள் பலவுண்டு. அவற்றுள் ஒன்றில் எனக்கு ஐந்து வாரத்திற்கு வேலை கிடைத்தது. பெட்டிகளின் மேலுள்ள பட்டைக்கோடுகளை ‘ஸ்கேனர்’ என்னும் கைக்கருவியாற் படித்து, பண்டத்தை அட்டைப்பெட்டியில் இட்டு ஒட்டி அனுப்புவதே என் தொழில். எங்கள் பகுதியில் ஏறக்குறைய 60 பேர் உழைத்தனர். வட தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்தவர் பாதி. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர் மீதிப் பாதி.

வேலையிற் சேர்ந்த முதல் நாளே மேற்பார்வையாளர் எங்கள் கைபேசிகளுக்கு ஓர் இணைப்பை அனுப்பி, மாலைக்குள் பயிற்சியை முடித்துச் சான்றிதழைக் காட்ட வேண்டுமெனக் கட்டளையிட்டார். தீப்பாதுகாப்பு, சுமை தூக்கும் முறை, மின்சாரத்தைக் கையாளுதல், வண்டிகள் செல்லும் வழியில் நடக்கும் ஒழுங்கு, முதலுதவி, நன்னடத்தை என ஆறு பாடங்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு பாடத்திற்கும் சில நிமிட நேரம் ஓடும் ஓர் அசைபடம். அதன் முடிவில் பத்து வினாக்கள். குரல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைத்தது, தமிழில் இல்லை. விடை தவறினால் மீண்டும் எழுதலாம்; வினாக்களோ மாறுவதில்லை. ஆதலின், முதன்முறை தவறியவன் இரண்டாம் முறை தவறுவதற்கு வழியே இல்லை. படத்தைப் பாராமலே ‘அடுத்தது’ என்னும் பொத்தானை அழுத்திக்கொண்டு செல்லவும் தடையில்லை.

யான் அவ்வாறு செய்தேனல்லேன். படங்களை ஓரளவு பார்த்தேன். தீயணைக்கும் கருவியைக் கையாளும் முறை நான்கு செயல்களாக அழகுற விளக்கப்பட்டிருந்தது. ஆணியை உருவுக, குழாயின் வாயைத் தீயின் அடியை நோக்கிப் பிடிக்க, கைப்பிடியை அழுத்துக, இடமும் வலமுமாக வீசுக. இந்நான்கினையும் முறைப்படுத்தும் வினாவிற்கு யான் ஒரே நொடியில் விடையளித்தேன். ஆறு பாடங்களையும் 35 நிமிடத்தில் முடித்து, நூற்றுக்கு நூறு பெற்றேன். பொன்னிறக் கரையிட்ட சான்றிதழ் ஒன்று திரையில் எழுந்தது. அதன்பின் ஒரு கடைசி வினா: ‘இப்பயிற்சி உமக்கு எவ்வாறு இருந்தது?’ ஐந்து விண்மீன்கள் வரிசையாய் நின்றன. யான் ஐந்தனையும் தொட்டேன். ஏன் தொட்டேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கின், முடிந்தது என்னும் மகிழ்ச்சி ஒன்று. படங்கள் கண்ணுக்கு இனியனவாய் இருந்தமை மற்றொன்று. குறைத்து மதிப்பிட்டால் அலுவலகத்தார் என்னை யாரென்று தேடுவரோ என்னும் சிறிய அச்சம் மூன்றாவது. பயிற்சியால் எனக்கு உண்டாகிய பயன் என்பது அம்மூன்றனுள் ஒன்றாகவும் இருந்ததில்லை.

என் மேசைக்கு அடுத்த மேசையில் வந்தவாசிப் பக்கத்தைச் சார்ந்த பெரியவர் ஒருவர் வேலை செய்தார். அவர் தம் கைபேசியை என்னிடம் நீட்டி, ‘தம்பி, இதில் என்ன கேட்கிறான் என்றே எனக்குத் தெரியவில்லை. நீயே போட்டுக் கொடுத்துவிடு’ என்றார். யான் போட்டுக் கொடுத்தேன். அதனைக் கண்ட பிறரும் ஒருவர்பின் ஒருவராய் வந்தனர். தேநீர் வேளைக்குள் ஒன்பது பேருக்கு யான் தேர்வெழுதி முடித்தேன். ஒன்பது பேரும் நூற்றுக்கு நூறு. கல்லூரியிற் பயில்பவன் என்று என்னை அவர்கள் பாராட்டியபோது என் உள்ளம் குளிர்ந்தது. அவ்வொன்பது பேருடைய விண்மீன்களையும் யானே ஐந்தைந்தாகத் தொட்டுவிட்டேன் என்பதை மட்டும் இங்கே மறைக்காமற் கூறுகின்றேன். பயின்றோரின் கருத்து என்று அலுவலக ஏட்டில் ஏறியவற்றுள் பத்துப் பேர் கருத்து, உண்மையில் ஒருவனுடைய அவசரமே.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் பிற்பகல், எங்கள் மேசைகளின் கீழே, ஸ்கேனர்களுக்கு மின்னேற்றுவதற்காக வைக்கப்பட்டிருந்த ‘ஜங்ஷன் பாக்ஸ்’ ஒன்றிலிருந்து புகை கிளம்பிற்று. நெகிழி உருகும் நாற்றம் வீசியது. யாவரும் குனிந்து பார்ப்பதற்குள் அருகில் மடித்து அடுக்கியிருந்த அட்டைகளின் ஓரத்தைத் தீப் பற்றிக்கொண்டது. ஓர் இளைஞன் குடிநீர்ப் புட்டியைத் திறந்துகொண்டு ஓடிவந்தான். ‘தண்ணீர் ஊற்றாதே!’ என்று பெரியவர் அலறினார். அலறிக்கொண்டே தூணருகே சென்று மெயின் சுவிட்சை இறக்கினார். தூணின் மறுபுறம் தொங்கிய சிவந்த தீயணைப்பானை யானே முதலில் எடுத்தேன். நூற்றுக்கு நூறு பெற்றவன் அன்றோ? குழாயைத் தீயை நோக்கிப் பிடித்து, கைப்பிடியை என் வலிமை முழுவதுங் கூட்டி அழுத்தினேன். அது அசையவில்லை. ஆணி நினைவிற்கு வந்தது. அழுத்திய கையை விடாமலே மறுகையால் ஆணியை இழுத்தேன். அதுவும் அசையவில்லை. ‘இக்கருவி கெட்டுப்போயிற்று’ என்று யான் கூவினேன்.

பெரியவர் என் அருகில் வந்து, ‘அழுத்துகிற கையை விடு தம்பி, விட்டால்தான் ஆணி வரும்’ என்றார். கருவியை என் கையினின்றும் வாங்கி, ஆணியைச் சிறிது முறுக்கி முத்திரையை அறுத்து உருவினார். தீயின் அடியை நோக்கி வெண்பொடியை இடமும் வலமுமாக அடித்தார். சில நொடிகளில் தீ அடங்கிற்று. எரிந்தவை ஒரு கட்டு அட்டையும் இரண்டு ஸ்கேனர்களுமே. எவருக்கும் தீங்கில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கைப்பிடியை அழுத்தும்போது ஆணி இறுகிக்கொள்ளும் என்பது மிகச் சிறிய செய்தி. அது நான்கு செயல்களின் பட்டியலில் இல்லை. ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தவன் அதனை மறக்கவும் மாட்டான். பெரியவர் எங்ஙனம் அறிந்தார் என்று மறுநாள் வினவினேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் அவர் வேலை செய்த ஒரு தொழிற்சாலையில், தகரத் தட்டில் எண்ணெயை ஊற்றிக் கொளுத்தி, ஒவ்வொருவரையும் ஒருமுறை அணைக்கச் செய்தார்களாம். ‘அன்றைக்கு எனக்கும் ஆணி வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அதனால்தான் மறக்கவில்லை’ என்றார். தேர்வினைத் தாமாக எழுத இயலாதவர் தீயை அணைத்தார். பத்துப் பேருக்குத் தேர்வெழுதியவன் கருவி கெட்டதெனக் கூவினான். அவர் அன்று வேலைக்கு வாராதிருந்தால் யாது நேர்ந்திருக்கும்? ஒன்பது பேர் பயிற்சி பெற்றவர் என்று ஏட்டில் எழுதுவித்தவன் யான் அன்றோ? அவருள் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்திருப்பின் அப்பழியில் என் பங்கு எவ்வளவு? அவ்வார ஞாயிறன்று ஆலயத்தில் சபையாரோடு பாவ அறிக்கை சொல்லும் வேளையில், பிறர் அறியாத ஒரு செயலை யான் முதன்முறையாக அதனோடு சேர்த்து நினைத்தேன்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் சென்று நிகழ்ந்ததை உரைத்தேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், ‘அறிக்கை மேலிடத்திற்குப் போய்விட்டதே’ என்றார். சினந்தாரல்லர். அவரும் தம் இணைப்பைத் தம் மேலவரிடமிருந்து பெற்று, தம் பகுதியில் நூற்றுக்கு நூறு காட்ட வேண்டிய நிலையில் இருந்தவரே என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அவரிடம் ஓர் இசைவு வேண்டினேன். உணவு வேளைகளில் உடன் உழைப்போரைக் கண்டு, அப்பயிற்சி அவர்களுக்கு எவ்வாறு உதவிற்று, எங்கே உதவவில்லை என்று கேட்டெழுதிக்கொள்ள விரும்புவதாகக் கூறினேன். அவர் இசைந்தார்.

ஒரு வாரத்தில் 14 பேரைக் கண்டேன். ‘பிடித்ததா?’ என்று ஒருவரையும் கேட்கவில்லை. ‘இப்போது என்ன நினைவிருக்கிறது? அதில் எதனை வேலையிற் செய்து பார்த்தீர்கள்? எதனைக் கேட்க விரும்பியும் கேட்க முடியவில்லை?’ என்னும் மூன்றே வினாக்கள். என் சினத்திற்கு ஏற்ப எல்லாரும் அப்பயிற்சியைப் பழிப்பர் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை.

பொட்டலம் கட்டும் அம்மையார் ஒருவர், சுமை தூக்கும் பாடத்தை வீட்டில், பிள்ளைகள் உறங்கியபின் மூன்றுமுறை பார்த்தாராம். மொழி விளங்காவிடினும் முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்கும் முறை படத்திலேயே விளங்கிற்று. மறுநாள் முதல் அவ்வாறே தூக்கினார். மூட்டை சுமக்கும் தம் கணவர்க்கும் காட்டினார். ‘வகுப்பில் ஒருமுறை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், இதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமே’ என்பது அவர் கூற்று. பீகார் இளைஞன் ஒருவன், தமிழில் மேற்பார்வையாளர் கூறும் எச்சரிக்கைகளுள் பாதி தனக்கு விளங்குவதில்லை எனவும், இப்பயிற்சியிலேதான் முதன்முறையாகத் தன் மொழியில் ஒருவர் தன்னோடு பேசியதாக உணர்ந்ததாகவும் கூறினான். இன்னொருவர், வகுப்பிற் பலர் நடுவே தவறான விடை சொல்ல வெட்கம். கைபேசி யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை என்றார். இவை மெய்யான நன்மைகள். இவற்றை மறைத்துப் பழிப்பது அறமாகாது.

குறைகளும் பல. ஐயம் எழுந்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை என்பதே பலர் கூறிய முதற்குறை. மணிக்கு இத்தனை பொட்டலம் என்னும் கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, பயிற்சிக்கெனத் தனிநேரம் தரப்படவில்லை. ஆதலின் கண் பெட்டியிலும் காது கைபேசியிலுமாகக் கழிந்தது என்றனர் சிலர். ஒருவர் தம் பணத்தில் வாங்கிய இணையம் அன்று மாலைக்குள் தீர்ந்துவிட்டதென வருந்தினார். படத்திற் காட்டியவன் கைப்பிடியுள்ள சிறு பெட்டியைத் தூக்குகின்றான். தாம் தூக்குவதோ பிடியற்ற மூட்டை, அதை எவ்வாறு தூக்குவதென்று அதில் இல்லை என்றார் மற்றொருவர். எல்லாவற்றினும் என்னைத் தைத்தது ஒருவர் கூறிய சொல்: ‘அது கற்றுக்கொடுக்க வந்ததா, கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று எழுதிக்கொள்ள வந்ததா என்று தெரியவில்லை.’

நிற்க. கல்லூரி திறந்தபின், யான் கேட்டறிந்தவற்றை அறிஞர் ஆய்வுகளோடு ஒப்பிட்டு நோக்க விழைந்தேன். தொழிற்பயிற்சியை மதிப்பிடுதற்கு அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் என்பார் 1959ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் எழுதிய கட்டுரைகளில் நான்கு படிகளை வகுத்துரைத்தார். பயின்றவன் அதனை எவ்வாறு ஏற்றான்? அவன் கற்றதென்ன? தொழிலில் அவன் நடக்கை மாறியதா? அம்மாற்றத்தால் விளைவு யாது? இவையே அந்நான்கு. எங்கள் கிடங்கில் விண்மீன்கள் முதற்படி. வினாக்கள் இரண்டாம் படியின் ஒரு பகுதி. அவ்விரண்டோடு கணக்கு முடிந்தது. மூன்றாம் படியில் எங்களைத் தேர்வு செய்தது அந்த ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றே.

விண்மீன்களை எவ்வளவு நம்பலாம்? 1997ஆம் ஆண்டில் அல்லிகர் முதலிய ஐவர், முன்னர் நிகழ்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். பயிற்சி இனிதாய் இருந்தது என்று கற்போர் கூறுவதற்கும், அவர் உண்மையிற் கற்றதற்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை என்று அவர்கள் கண்டனர். ஆனால், ‘இது என் தொழிலுக்கு உதவும்’ என்று கற்போர் கூறுவதற்கும், பின்னர் அவர் தொழிலில் அதனைக் கையாள்வதற்கும் சிறிதேனும் தொடர்பு காணப்பட்டது. எனவே கற்போன் சொல் முழுதும் பயனற்றதன்று. எதனைப் பற்றி அவனைக் கேட்கின்றோம் என்பதே பொருள்.

எப்போது கேட்கின்றோம் என்பதும் அத்துணை இன்றியமையாதது. மறதியை அளக்கத் தம்மையே ஆய்வுப்பொருளாக்கிக்கொண்ட எபிங்கௌஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளை நெட்டுருப் போட்டு, மீண்டும் கற்பதற்கு எவ்வளவு உழைப்பு மிச்சமாகின்றது என்று கணக்கிட்டார். ஒரு நாள் கழிந்தவுடன் மிச்சம் மூன்றில் ஒரு பங்கே என்பது 1885ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலிற் கண்ட முடிவு. 2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்பிக் என்னும் இருவர் அமெரிக்க மாணவரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு இன்னும் சுவையுடையது. ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்குமுறை படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒருமுறை படித்து, நூலைப் பாராமல் மும்முறை நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடத்திற்குப்பின் சோதித்தபோது படித்தவர் 100க்கு 83ம், நினைவுகூர்ந்தவர் 71ம் கூறினர். ஒரு வாரத்திற்குப்பின்னரோ, படித்தவர் நினைவில் நின்றது 40. நினைவுகூர்ந்தவர் நினைவில் நின்றது 61. தமக்கு நன்கு நினைவிருக்கும் என்று மிகுதியாய் நம்பியவரோ, நான்குமுறை படித்தவரே! எளிதாய் ஓடும் பாடம் நன்கு பதிந்ததாகத் தோன்றுகின்றது. இடறிக் கற்பதே பதிகின்றது. பெரியவர் தம் ஆணியை மறவாதிருந்ததற்கும், யான் என் நூறினை மறந்ததற்கும் காரணம் இஃதே.

அவ்வாறாயின் கைபேசியையும் இணையத்தையும் பழிப்பதா? அதுவும் பொருந்தாது. டிரேசி சிட்ஸ்மன் முதலியோர் 2006ஆம் ஆண்டில் 96 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து, இணையவழிப் பயிற்சியையும் வகுப்பறைப் பயிற்சியையும் ஒப்பிட்டனர். செய்திகளை அறிதலில் இணையவழி 100க்கு 6 அளவில் சிறந்தும், செயல்முறை அறிவில் இரண்டும் ஒத்தும் நின்றன. கற்போரின் மனநிறைவும் ஒத்தே இருந்தது. ஒரே கற்பிக்கும் முறையை இரண்டிலும் கையாண்டபோது வேறுபாடு இல்லாதொழிந்தது. பழகிப் பார்க்க வாய்ப்பும், பிழையை எடுத்துக்காட்டும் மறுமொழியும், தன் வேகத்திற் செல்லும் உரிமையும் அமைந்த இணையப் பாடங்கள் மேலும் சிறந்தன. குற்றம் கருவியினுடையதன்று, கருவியைக் கொண்டு யாம் செய்யாது விட்டவற்றினுடையது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்று நம் முன்னோர் பழித்தது ஓலையை அன்று, ஓலையோடு நின்றுவிட்டவனையே. இன்று அச்சுரைக்காய் திரையிற் காய்த்திருக்கின்றது என்பதொன்றே வேறுபாடு.

இந்நூல்களை எல்லாம் நாடிச் சென்ற யான், என் சொந்தப் பாடநூலை மறந்திருந்தேன். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், கொளுத்தும் முறையையும் கொள்ளும் முறையையும் வகுத்துக் கூறுகின்றது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையிற் காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால். தான் பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரை நிரம்பும் என்பது அதன் கருத்து. இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்னர் வகுத்த இக்கணக்கைக் கொண்டு எங்கள் பயிற்சியை அளந்தால், அது காற்பங்கினை மட்டும் கொடுத்து முழுமைக்குச் சான்றிதழ் அளித்தது எனலாம். அந்நூல் மாணாக்கர்க்குக் கூறும் உவமைகளுள் கிளியும் உண்டு; இல்லிக்குடமும் உண்டு. வினாவிற்கு விடையளித்தபோது யான் கிளியாயிருந்தேன். தீயின் முன் நின்றபோது இல்லிக்குடமாயினேன். அம்மையாரோ, தாம் பார்த்ததைச் செய்து பார்த்துக் கணவர்க்கும் கற்பித்தார். கேட்டல், பழகல், உரைத்தல் என்னும் மூன்றும் அவரிடத்தே அமைந்தன. ஒரே பாடம், ஒரே கைபேசி, பயனோ வேறு.

ஆகவே, கற்றோருள் ஒருவனாய் யான் வேண்டுவன சிலவே. பாடம், கற்போன் தாய்மொழியிற் பேசுக. அதற்குரிய நேரம் ஊதிய நேரத்துள் அடங்குக. அந்நேரத்திற்குப் பொட்டலக் கணக்கு நிற்க. வினாக்கள் அன்றைக்கே முடிந்துவிடாமல், ஒரு வாரம் கழித்தும் ஒரு திங்கள் கழித்தும் வேறு வடிவில் வருக. கையாற் செய்ய வேண்டியதைக் கையாற் செய்து காட்டிய பின்னரே சான்றிதழ் அளிக்க. இறுதியாக, கற்றோனைக் கேட்க. ஆனால் விண்மீனைக் காட்டிக் கேட்க வேண்டா. சில வாரம் கழித்து, அவன் வேலை செய்யும் இடத்திற்கே வந்து, அவன் அஞ்ச வேண்டாத ஒருவர், ‘உனக்கு எது செய்ய வரவில்லை?’ என்று கேட்க. அதற்கு அவன் கூறும் விடையே அப்பயிற்சியின் மதிப்பெண்.

யான் ஊர் திரும்புமுன் நிகழ்ந்த ஒன்றைக் கூறி முடிக்கின்றேன். எங்கள் கிடங்கில் மீண்டும் பொடி நிரப்ப அனுப்ப வேண்டிய தீயணைப்பான்கள் நான்கு இருந்தன. எப்படியும் காலி செய்ய வேண்டியவைதாமே என்று மேற்பார்வையாளர் அவற்றைப் பெரியவரிடம் ஒப்புவித்தார். என் கடைசிச் சனிக்கிழமை மாலை, கிடங்கின் பின்புறத் திறந்தவெளியில், தகரத் தட்டொன்றிற் பழைய அட்டைகளை இட்டுக் கொளுத்தினர். மணல் வாளிகள் அருகில் இருந்தன. பெரியவர் தமிழிற் கூற, பீகார் இளைஞன் தனக்குத் தெரிந்த அளவில் இந்தியில் எடுத்துரைத்தான். ஒவ்வொரு கருவியும் இருவர் மூவர் கைக்கு மாறிற்று. ஆணியை உருவிச் செருகிப் பழகியவரோ பலர். அம்மையார் முதல் முயற்சியிலேயே உருவினார். யான் அழைக்கப்பட்டபோது என் கை நடுங்கிற்று. கைப்பிடியைத் தளர விட்டு, ஆணியைச் சிறிது முறுக்கினேன். அது எளிதாய் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தனர். யானும் சிரித்தேன்.

என் கைபேசியில் அப்பொன்கரைச் சான்றிதழ் இன்னும் இருக்கின்றது. அதனை அழிக்கவில்லை. அதில் எழுதியுள்ள நாளுக்கும், அதில் எழுதியுள்ளதை யான் உண்மையிற் கற்ற நாளுக்கும் இடையே ஐந்து வாரம் உண்டு என்பதை எனக்கு அது நினைவூட்டுகின்றது. அவ்வைந்து வார இடைவெளியில் ஒரு தீ எழுந்ததையும், அதனை அணைத்தவர் பெயரிலுள்ள சான்றிதழை யானே எழுதியதையும் மறவாமல் இருப்பதே இனி எனக்குள்ள கடமை.